புட்டுத்தோப்புக்குப் போகும் வழி

மதுரைத் திருநகரில் நாங்கள் குடியேறி இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு மாலையில், அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா வாசற்படியில் நின்றபடியே, "என்னம்மா, கேரளாச் சாப்பாடு மணக்குது? நீங்க கேரளாவா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், எங்களுக்கென்று ஒரு கிண்ணம் நிறையப் பருப்புருண்டைக் குழம்பும் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவள். தமிழைத் தவிர வேறெந்த மொழியிலும் கனவுகூடக் கண்டதில்லை. "இல்லை அக்கா, நான் யாழ்ப்பாணம்" என்றேன். "அதான் பேச்சு மலையாளம் கணக்கா இருக்கு" என்று அவர் நிறைவோடு தலையாட்டினார்.

அந்த மாதம் முழுவதும் அதே கேள்வி என்னைத் தொடர்ந்தது. ஆட்டோக்காரர் கேட்டார், காய்கறி வண்டிக்காரர் கேட்டார், பால் பாக்கெட் போடும் தம்பி கேட்டான். ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் திரும்பிப் பார்த்தார்கள். "பிறகு கதைப்பம்" என்றால் எந்தக் கதை என்று கேட்டார்கள். என் கணவரின் தாயாரை நான் முறைப்படி "மாமி" என்று அழைத்ததைக் கேட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இங்கே "மாமி" என்றால் மடிசார் கட்டிய அம்மாளைத்தான் நினைப்பார்களாம். மாமியாரை "அத்தை" என்றுதான் அழைக்க வேண்டுமாம். அத்தை மட்டும், "நீ மாமின்னே கூப்பிடு கண்ணு, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்காகவே அவரை நான் அன்றிலிருந்து "அத்தை" என்று அழைக்கிறேன்.

புட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அது இரவுச் சாப்பாடு. பெரும்பாலான வீடுகளில் பொழுதுபட்டால் புட்டு அல்லது இடியப்பம்தான். வறுத்த அரிசிமாவில் கொதிநீரை விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, சுண்டு என்னும் அளவுப் பேணியின் விளிம்பால் கொத்திக் கொத்தி மணிமணியாக உதிர்த்து, தேங்காய்ப்பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியில் இட்டு அவிப்போம். நீத்துப்பெட்டி என்பது பனையோலையில் கூம்பாகப் பின்னிய ஒரு சிறு பெட்டி. பானையின் வாயில் அதன் கூர்முனை உள்ளே இறங்க, நீராவி ஓலையின் இழைகளுக்குள் புகுந்து மேலே ஏறும்போது, மாவின் மணத்தோடு ஓலையின் மணமும் சேர்ந்து வரும். 2022ஆம் ஆண்டு நான் புறப்பட்டபோது, அம்மா ஒரு நீத்துப்பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, நசுங்காமல் பெட்டியின் நடுவில் வைத்து அனுப்பினார். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதற்குத்தான் ஓர் இரவு முழுவதும் வேண்டியிருந்தது.

"வீட்டுக்குள்ளயே இருந்தா ஊர் பழகாது, நடந்தாத்தான் பழகும்" என்று என் கணவர் சொன்னதன் பேரில், சனிக்கிழமைதோறும் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, கால்போன போக்கில் நடக்கத் தொடங்கினோம். முதல் நாளே ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. பேருந்து நடத்துநர், "மேலமாசி வீதி எல்லாம் இறங்கு" என்று கூவினார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு எல்லாமே வீதிதான்: பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, கஸ்தூரியார் வீதி. இந்தியாவுக்கு வந்த பிறகு ரோட்டையும் தெருவையும் மட்டுமே கேட்டுப் பழகியிருந்த காதுக்கு, ஒரு நடத்துநரின் வாயிலிருந்து அவ்வளவு சாதாரணமாக வந்த அந்தச் சொல் எவ்வளவு இதமாக இருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த வீதிகள்தான் மதுரையில் நான் முதலில் நேசித்த இடம். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்து மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக மாதங்களின் பெயரால் ஊர் விரிகிறது. கடைசியில் வருவது வெளி வீதி. அங்கே ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் நின்றதையும், 1840களில் பிளாக்பர்ன் என்னும் கலெக்டர் அதை இடிப்பித்ததையும், அந்தப் பணியை மேற்பார்த்தவர்களின் பெயர்களே மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் நிலைத்துவிட்டதையும் பிறகு அறிந்தேன். வழி தவறினாலும் கவலையில்லை. ஏதாவது ஒரு முனையில் திரும்பினால் கோபுரம் தெரியும், கோபுரம் தெரிந்தால் திசை தெரியும். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலிலும் அப்படித்தான். திருவிழா நாள்களில் கோயிலைச் சுற்றிய வீதியை மறித்து மணல் பரப்பியிருப்பார்கள். வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த மணலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் நடந்தது, வடக்காவணி மூல வீதியில் செருப்போடு நடக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வைகையிடம் மட்டும் ஏமாந்துபோனேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பள்ளிக்கூடத்தில் வைகை என்று படித்த நாள் முதல் என் மனத்தில் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த ஆறு, நேரில் மணலும் புதரும் நடுவே ஒரு மெல்லிய ஓடையுமாகக் கிடந்தது. அடுத்த சித்திரையில், கள்ளழகர் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிட்டிருந்தார்கள். இருட்டு விலகாத அந்த வேளையில், கரைகொள்ளாத கூட்டத்தில், தோற்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறவர்களின் நடுவே முழுக்க நனைந்து நின்றபோது, அந்த ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் நான் முதலில் சொல்ல வந்தது புட்டுத்தோப்பை.

ஓர் ஆவணி மாதத்தில், அத்தை போகிறபோக்கில், "நாளைக்குப் புட்டுத் திருவிழா, ஆரப்பாளையம் பக்கம் கூட்டமா இருக்கும்" என்றார். எனக்குக் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. சொக்கநாதர் வந்திக் கிழவிக்காக மண் சுமந்த கதையை என் அம்மம்மா புட்டுக் கொத்தும்போதெல்லாம் சொல்வார். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோக, உதிர்ந்தது முழுவதும் கூலியாளுக்கே சேர்ந்த இடத்தில் சிரிப்பார். பாண்டியன் அடித்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்த இடத்தில் எங்கள் முதுகில் செல்லமாக ஒன்று வைப்பார். நீத்துப்பெட்டியைக் கவிழ்க்கும்போது தட்டின் ஓரத்தில் சிந்துகிற சூட்டுப் புட்டை வழித்து, வாழைப்பழத்தோடு பிசைந்து, "இந்தா, சொக்கநாதற்ரை பங்கு" என்று பிள்ளைகளின் கையில் வைப்பார். அது எங்கோ தேவலோகத்தில் நடந்தது போலவே எனக்குத் தோன்றியிருந்தது. அது நடந்த இடமாக ஊரார் காட்டும் தோப்பு, வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில் இருந்தது.

மறுநாள் போனோம். சொக்கநாதரும் மீனாட்சியும் பெரிய கோயிலிலிருந்து எழுந்தருளியிருந்தார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும், எங்கள் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் தெய்வானையும் இந்த விழாவுக்கென்றே மதுரைக்கு வந்திருந்தார்கள். பட்டர்கள் பொற்கூடையும் மண்வெட்டியுமாக அந்த லீலையை நடத்திக் காட்ட, சுற்றிலும் நின்றவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் சேட்டையைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மம்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கடல் தாண்டி எங்கும் போனதில்லை. மதுரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் அடுக்களையில் அவிகிற அதே பண்டத்துக்காக ஆண்டவன் அடிவாங்கிய ஊர் என்பதுதான்.

அன்றிரவு புட்டு அவித்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். "அக்கா, இது கேரளாச் சாப்பாடு இல்லை. உங்கட சொக்கநாதர் சாப்பிட்ட உதிர்ந்த புட்டு" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அட, ஆமால்ல!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நின்றபடியே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். இதற்கு என்ன தொட்டுக்கொள்வது என்று அவர் கேட்க, இங்கே சர்க்கரை என்பார்களோ என்று நான் தயங்கி, "சீனி" என்றேன். "சீனிதான் இருக்கே" என்று உள்ளே போய் எடுத்துவந்தார். சென்னையில் உறவினர் வீட்டில் யாருக்கும் புரியாமற்போன சொல் மதுரையில் அடுக்களைப் பேச்சாகவே இருந்தது. சுளகும் அப்படித்தான், இங்கே அது சொளகு.

அதன் பிறகு எங்கே போனாலும் எங்கள் ஊரின் தடயத்தைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிம்மக்கல் பக்கம் தமிழ்ச்சங்கம் சாலையில் நடந்தால், 1901இல் பாண்டித்துரைத் தேவர் அந்தச் சங்கத்தைத் தொடங்கியது மட்டுமன்றி, யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியை அந்தச் சங்கமே 1910 முதல் மூன்று பகுதிகளாக அச்சிட்டதும் நினைவுக்கு வரும். என் பேச்சைத் தமிழா என்று கேட்ட ஊர், எங்கள் ஊரார் ஒருவர் திரட்டிய சொற்களுக்குத் தன் சங்கத்தின் பெயரையே கொடுத்து, "சங்க அகராதி" என்று வழங்கியிருக்கிறது.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மாதம் இருமுறையாவது போகிறேன். அதன் குளிர்ந்த, வெளிச்சமான தளங்களில் பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து படிப்பதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் தொண்டை அடைப்பும் ஒன்றாக வருகின்றன. 1981 ஜனவரியில் இதே மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது; அதே ஆண்டு மே 31 இரவு எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. அம்மா அப்போது இளம்பெண். கோண்டாவிலில் நின்று பார்த்தபோது வானம் சிவந்திருந்ததாக மட்டும் சொல்வார். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மதுரையின் இந்த நூலகத்தில் ஒருநாள் கல்வெட்டுகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். திருப்பரங்குன்றத்து மலையில் சமணத் துறவியருக்கான குகைத்தளம் ஒன்றில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகளில் ஒரு வரி இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் என்னும் பெயரைப் படித்திருக்கிறார். ஈழத்திலிருந்து வந்து, இங்கே ஓர் ஊரில் குடியும் குடித்தனமுமாக வாழ்ந்து, தன் பொருளைக் கொடுத்து அந்த மலையில் தன் பெயரை வெட்டுவித்த ஒருவர்! சங்கப் புலவர்களுள் மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் ஒருவர் உண்டு என்பதும், அவர் பாடிய ஏழு பாடல்கள் அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இருப்பதும் பள்ளியிலேயே படித்தவைதான். மதுரையும் ஈழமும் அடுத்தடுத்து நின்ற அந்தப் பெயரை நான் ஒரு மனிதராக அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

திருப்பரங்குன்றம் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலை. காலையில் துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணில் படுவது. அந்தக் குகைத்தளம்வரை நான் இன்னும் ஏறவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அடிவாரத்துக் கோயிலுக்குப் போகிறேன். அங்கே மூலவர் மலைப்பாறையிலேயே அமைந்திருப்பதால் அபிஷேகம் வேலுக்குத்தான். நல்லூரில் மூலவரே வேல். பால் வழிகிற வேலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், எந்தக் கோயிலில் நிற்கிறேன் என்பது சில கணங்கள் மறந்துபோகிறது.

இவ்வளவும் ஆன பிறகு மதுரை எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எண்ணியிருந்தேன். போன மாசியில் அம்மா கொடுத்தனுப்பிய நீத்துப்பெட்டியின் அடிப்பின்னல் அறுந்தது. ஓலையை மாற்றி முடையத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. எவர்சில்வர் புட்டுக்குழல் வாங்கித் தருவதாக அத்தை சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழமாசி வீதியையொட்டிய ஒரு சந்தில், சொளகும் கொட்டானும் பரப்பி விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், அறுந்த பெட்டியை நீட்டி, "இப்பிடி ஒண்டு பின்னித் தருவீங்களோ, ஆச்சி?" என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; விரலால் இழைகளை எண்ணினார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "சிலோனா தாயி நீயி?" என்றார். ராமநாதபுரம் பக்கத்தவராம். இந்த ஊரில் நான் சொல்லாமலே கண்டுகொண்ட முதல் ஆள் அவர்தான். இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெட்டியைக் கொடுத்தபோது, பேசிய பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு அதை அலைபேசித் திரையில் அம்மாவுக்குக் காட்டினேன். "பின்னல் கொஞ்சம் ஐதாக் கிடக்கு, மா கீழை விழும். முதல்ல ஒரு துணியைப் போட்டு அவி" என்றார். அப்படியே செய்தேன், ஒரு மணிகூட விழவில்லை. பச்சை ஓலையில் ஆவி ஏறியதும், மாரிமழையில் நனைந்த எங்கள் வீட்டு ஓலைவேலியின் மணம் அடுக்களை முழுவதும் நிறைந்தது.

"அம்மா, இந்த முறை வேலி அடைச்சாச்சோ?" என்று கேட்டேன்.

"மதில் கட்டி ரெண்டு வருசமாச்சுது, பிள்ளை. உனக்குச் சொல்லேல்லையோ?" என்றார் அம்மா.