சின்னவன் வேகத்தில் ஓர் ஈரநிலம்

ஜனவரி 4, ஞாயிறு

ஈரநிலக் காப்பகத்தின் வாசல் பலகையில் மூன்று நடைபாதைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிகச் சிறியது இரண்டு கிலோமீட்டர். நடக்க நாற்பது நிமிடம் ஆகும் என்று போட்டிருக்கிறது. போட்டவர் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இல்லை போலும். முதல் வளைவைத் தாண்டவே எங்களுக்கு அரை மணி ஆயிற்று. சின்னவன் ஒரு நத்தை ஓட்டைக் கண்டான். அதே அளவில் இன்னொன்று கிடைக்கும் வரை நகர மாட்டேன் என்றான்.

பிள்ளைகளோடு மலையேறியவர்களுக்குத் தெரியும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி எப்படி ஆளை அரிக்கும் என்று. ஈரநிலத்தில் அது எழுவதே இல்லை. ஏறி முடிக்க உச்சி கிடையாது. பார்க்க வேண்டியவற்றில் பாதி தண்ணீரின் விளிம்பில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அது அவன் கண்மட்டம். நாணல் தண்டில் ஒட்டியிருந்த தட்டான் கூட்டை அவன்தான் காட்டினான். முதுகு பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல இழைகள் தொங்கின. தண்ணீருக்குள் புழுவாக வாழ்ந்த காலத்து மூச்சுக்குழாய்களின் உள்தோல் அது. தோலை உரித்தபோது அதையும் சேர்த்தே உருவிப் போட்டுவிட்டுத் தட்டான் பறந்திருக்கிறது. "வலிக்காதா?" என்று கேட்டான். பெரியவள், "நகம் வெட்டினால் வலிக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டாள். என்னைவிட நல்ல பதில்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று பைனாகுலர் பஞ்சாயத்து. ஒன்றுதான் இருக்கிறது, இருவருக்கும் வேண்டும். அதோடு, பெரியவர்களுக்கான பைனாகுலர் பல குழந்தைகளின் கண்களுக்குச் சேராது. இரண்டு குழாய்களையும் எவ்வளவு நெருக்கினாலும் கண்களுக்கு இடையிலான தூரம் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டு கறுப்பு வட்டங்கள்தான் தெரியும். பிள்ளை "தெரிகிறது, தெரிகிறது" என்று நம்மைச் சமாதானப்படுத்தும். வாங்குவதானால் பிள்ளையின் முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பத்து மடங்கு பெருக்குவது உயர்ந்தது என்று விற்பவர் சொல்வார். சின்னக் கைக்கு அது ஆகாது. கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கிக் காட்டும். எட்டு போதும், ஆறு இன்னும் நல்லது.

பெரியவளுக்கு ஒரு வழி பிடிபட்டது: முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார், பார்வையை எடுக்காதே, பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவா. சாம்பல் நாரை ஒன்று அகப்பட்டது. அது அசையவில்லை. யார் முதலில் அசைவது என்று சின்னவன் அதோடு போட்டி வைத்தான். நாரைக்குப் போட்டி நடப்பதே தெரியாது. ஆனாலும் அதுதான் வென்றது.

ஜனவரி 18, ஞாயிறு

மறைவிடத்திலேயே காலை முழுவதும் போயிற்று. பலகைச் சுவர், நீளவாக்கில் ஒரு திறப்பு, உள்ளே பெஞ்சு. சின்னவன் பெஞ்சின் மேல் மண்டியிட்டால் திறப்பு எட்டுகிறது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு நடையைவிட இந்த இடம்தான் முக்கியம் என்பேன். கால் ஓய்கிறது, நிழல் இருக்கிறது, பறவைகள் நம்மைக் கண்டு மிரளாமல் தங்கள் வேலையைப் பார்க்கின்றன.

பக்கத்திலேயே தட்டைவாயன் வாத்துகள் ஏழெட்டு. அலகு முனையில் அகன்று, தலைக்குப் பொருந்தாத அளவில் இருக்கிறது. அவை ஒன்றன் வால் பக்கத்தில் இன்னொன்றாகச் சேர்ந்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. எல்லாத் தலைகளும் தண்ணீரில், யாருக்கும் நிமிர நேரமில்லை. விளையாட்டு என்று நினைத்தான் சின்னவன். அது சாப்பாடு. சுற்றும்போது உண்டாகும் சுழல், அடியில் கிடக்கும் நுண்ணிய இரையை மேலே இழுத்து வருகிறது. அலகின் ஓரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய தகடுகள் சீப்புப் பற்களின் வரிசையில் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியே வெளியேறும், இரை உள்ளே தங்கும். வெளியே வந்ததும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு புல்தரையில் சுற்றினார்கள். தலைசுற்றி விழுந்தவன் சின்னவன்.

நாமக்கோழிகளைப் பற்றியும் எழுத வேண்டும். நெற்றியில் வெள்ளை நாமம், உடம்பெல்லாம் கறுப்பு, எந்நேரமும் சண்டை. தண்ணீரில் பின்புறம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காலால் உதைக்கின்றன. கனத்த உடம்பு என்பதால் சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடித்தான் பறக்கின்றன. அந்த ஓட்டத்தில் பாதம் தெரிகிறது. வாத்துக்கு இருப்பது போன்ற முழுச்சவ்வு இல்லை, ஒவ்வொரு விரலிலும் தனித்தனி மடல்கள்.

ஜனவரி 25, ஞாயிறு

மழை. போகவில்லை. இருவரும் வீட்டில் நாமக்கோழிச் சண்டை போட்டார்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நாளை உலக ஈரநில நாள். 1971 பிப்ரவரி 2 அன்று, காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஈரானிய நகரமான ராம்சாரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நினைவாக வருவது. ஈரநிலம் என்றால் எது என்று அந்த ஒப்பந்தம் சொல்வதைப் பெரியவளுக்குப் படித்துக் காட்டினேன்: இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நிற்கும் நீரோ ஓடும் நீரோ, நன்னீரோ உப்புநீரோ, கடல் என்றால் வற்றுநேரத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத பகுதி. யோசித்துவிட்டு, "அப்படியென்றால் வாகன நிறுத்தத்தில் தேங்கியிருக்கும் தண்ணீரும் ஈரநிலமா?" என்றாள். இந்த வரையறைப்படி அவளை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

சேற்றுத் திட்டில் மூக்கன்கள் நீண்ட அலகைக் கண் வரை புதைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் இனத்தில் பட்டைவால் மூக்கன் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பதினொரு நாளில் பறந்தது. அப்போது அதற்கு ஐந்து மாத வயது. கடலில் இறங்கி மிதந்து ஓய்வெடுக்கும் பறவையும் அல்ல அது. இத்தகைய பயணத்துக்கு முன் அவை உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன; இரைப்பை, கல்லீரல் போன்ற உறுப்புகள் சுருங்கி எடை குறைகிறது. சொல்லி முடித்தேன். "ஐந்து மாதத்தில் நான் என்ன செய்தேன்?" என்றான் சின்னவன். "குப்புற விழுந்தாய்," என்றார் என் அம்மா.

இதைக் கேட்ட பிறகு ஒரு விதியை விளக்க எளிதாயிற்று. மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் மேய்வதை நிறுத்தி, தலைகள் ஒருசேர நிமிர்ந்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நிற்க வேண்டும், அல்லது பின்வாங்க வேண்டும். படத்துக்காகக் கையைத் தட்டிப் பறவைகளைக் கிளப்புகிறவர்கள் இன்றும் இருந்தார்கள். கிளம்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் தயக்கம். பெரியவளுக்கு இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆகவே சக்கர நாற்காலி. பலகைப் பாதை நாணலுக்குள் நுழைந்து கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் போகிறது. படி இல்லை, மேடு பள்ளம் இல்லை. பலகைகள் பாதையின் குறுக்கே பதிக்கப்பட்டிருந்தால் சக்கரம் இடுக்கில் மாட்டாது. நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் சிக்கும். தள்ளுவண்டியோடு வருபவர்களும் கவனிக்க வேண்டியது இது. பாதை ஓரத்துக் கட்டை ஒரு கை உயரமாவது இருந்தால் தள்ளுபவருக்குப் பயம் இல்லை.

அழுகிய முட்டை நாற்றத்துக்குச் சின்னவன் மூக்கைப் பொத்தினான். காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. இடையிடையே குமிழ்கள் எழுந்து உடைந்தன. அவற்றில் பெரும்பாலும் மீத்தேன். இப்படிக் காற்றே இல்லாத சேற்றில் சம்புப் புல்லின் வேர் எப்படி மூச்சுவிடுகிறது? ஒடிந்து கிடந்த இலையை எடுத்து அம்மா நகத்தால் கீறினார். உள்ளே குறுக்குச் சுவர் வைத்த வெற்று அறைகள், அடுக்கடுக்காக. அந்த வழியாகத்தான் காற்று இலையிலிருந்து வேருக்கு இறங்குகிறது. இலையை விரல்களுக்கிடையில் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி, விட்டதும் எழும்புகிறது. திரும்பும் வரை சின்னவன் அதை அழுத்திக்கொண்டே வந்தான். வாசலில் கீழே போடச் சொன்னபோதுதான் அழுகை. காப்பகத்திலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. காய்ந்த இலைக்குமா என்று அம்மா கேட்டார். காய்ந்த இலைக்கும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

தட்டைவாயன்கள் கிளம்பிவிட்டன, மூக்கன்களும் இரண்டு மூன்றுதான் மிச்சம். முக்குளிப்பான்கள் கூடு கட்டத் தொடங்கியிருப்பதால் வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள். அவை மிதக்கும் செடிகொடிகளைக் குவித்துக் கூடு வைக்கும். எழுந்து போகும்போது முட்டைகளைச் செத்தையால் மூடிவிட்டுப் போகும். ஆள் அடிக்கடி வந்தால் அதற்கும் அவகாசம் கிடைக்காது. மறைவிடம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. தெற்குப் பாதையில் நிழல் இல்லை, பெஞ்சு இல்லை. அம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இனி காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும் என்றார். அந்த நேரத்தில் கொசு அதிகம், எல்லோருக்கும் முழுக்கைச் சட்டை வேண்டும். சின்னவனின் பழைய முழுக்கைச் சட்டை இப்போது முழங்கை வரைதான் வருகிறது.