பெண் பிள்ளையின் கையிலும் ஸ்க்ரூட்ரைவர்

நம் பாடசாலைப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது நம் பௌதிக ஆய்வுகூடம்தான். நாலு பேருக்கு ஒரு மின்சுற்று. பையன்கள் கம்பிகளை இணைப்பார்கள். நாங்கள் அளவீடுகளை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருப்போம். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. ஒருநாள் ஆசிரியை அதைக் கவனித்துவிட்டு, "எழுதுகிறவையும் இணைக்கிறவையும் இனி இடம் மாறுங்கோ" என்றார். மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியைத் தொடராகவும் மின்னழுத்தத்தை அளக்கும் வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் இணைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் நானே இணைத்து, ஆளியைப் போட்டு, முள் அசைந்தபோதுதான் அது விளங்கியது.

வீட்டில் அதற்கு முன்பே அப்பா வழி திறந்துவிட்டிருந்தார். பழைய வானொலியைக் கழற்றும்போது டோர்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுவார். கொஞ்சக் காலத்தில் டோர்ச் அவர் கைக்குப் போனது, ஸ்க்ரூட்ரைவர் என் கைக்கு வந்தது. திருகாணி வழுக்கி விழுந்தாலும் பறித்து வாங்கமாட்டார். பெற்றோருக்கு இதுதான் கஷ்டமான இடம் என்று நினைக்கிறேன். மகன் தடுமாறினால் "பழகட்டும்" என்று விடுகிறோம். மகள் தடுமாறினால் உதவி என்று நினைத்து நாமே செய்து முடித்துவிடுகிறோம்.

அமெரிக்க வானியலாளர் மரியா மிட்செலின் தந்தை வில்லியம், 1831இல் சூரிய கிரகணத்தை அவதானித்தபோது 12 வயது மகளைப் பக்கத்தில் வைத்து நேரத்தைக் கணிக்கச் செய்தார். 1847 ஒக்டோபர் 1ஆம் திகதி இரவு அந்த மகள் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளியே சொல்ல அவர் தயங்க, ஹார்வர்ட் வானியலாளருக்குக் கடிதம் எழுதியவர் தந்தை. அந்தக் கண்டுபிடிப்புக்கு டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. சிறுவயதில் பொறுப்பைக் கொடுத்ததைப் போலவே, அவர் தயங்கிய நேரத்தில் பக்கத்தில் நின்றதும் பெரிய விஷயம்.

அப்புறம், தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். கணக்கில் மகளுக்குப் புள்ளி குறைந்தால், ஆறுதலாக "எனக்கும் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். அவள் அதைப் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொள்வாள். எந்த வரியில் பிழைத்தது என்று அவளையே தேடச் சொல்லுங்கள்.

நான் இப்போது மின்பொறியியலாளர். நம் சங்கத்தில் மென்பொருள், மருத்துவக் கருவிகள், கட்டுமானம் என்று பல துறைகளில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறோம். பெற்றோரே, எங்களைக் கூப்பிடுங்கள். மகளோடு பேச நாங்கள் தயார். வேலை இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அனுமதி எடுத்துத் தருகிறோம். தம்பியையும் கூட்டிவரலாம், ஆனால் கேள்விகளை முதலில் அவள் கேட்கட்டும்.