பிக்மி எண்ணுக்காக 680 கிலோமீட்டர்

எங்கள் மாருதி 800 குழுவில் ஞாயிறு காலை சென்னை ஈசிஆரில் கூடுவது வழக்கம். கோவளம் பக்கம் டீ. கார்புரேட்டர் அடைப்பில் ஆரம்பிக்கிற பேச்சு வீட்டுக்கடன், மாமியார், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று எங்கெங்கோ போகும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன், மனைவிக்கு ஆறாம் மாதம் என்று. எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் மட்டும் டீ கிளாஸை பானெட் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “பிக்மி நம்பர் வாங்கிட்டியாப்பா?”

வாங்கவில்லை. பிக்மி என்பது கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளம்; பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் பார்க்கிறோம், அவர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் பிரசவம் எங்கே நடந்தாலும், பிறப்புச் சான்றிதழ் போடும்போது அந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிய வேண்டியதை நாங்கள் 24 வாரம் வரை இழுத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை எங்கள் ஏரியா சுகாதார நிலையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மனைவியின் ஆதாரைப் பார்த்தார். தஞ்சாவூர் பக்கத்துக் கிராம முகவரி. “அங்கதான் சார் போடணும்” என்று அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். வாடகை ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று சனிக்கிழமை விடியும் முன்னே கிளம்பினேன். மனைவியைக் கூட்டிப் போகவில்லை. என் வண்டி 98 மாடல், ஏசி கிடையாது, திண்டிவனம் தாண்டுவதற்குள் எனக்கே இடுப்பு விட்டுப்போனது. மாமனார் வீட்டுத் தெருவிலேயே கிராம சுகாதார செவிலியரைப் பிடித்தேன். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “பொண்ணு எங்க தம்பி? ஆள் இல்லாம எப்படிப் போடுறது? இப்ப எங்க குடியிருக்காங்களோ அங்கதான் பதியணும். அந்த ஊர் நர்ஸ்தானே வந்து பாக்கணும்.” போக 340, வர 340. பெட்ரோல் காசை விடுங்கள், ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே என்று மனைவி சொன்னதுதான் இன்னும் சுடுகிறது.

மறுநாள் டீக்கடையில் புலம்பினேன். அண்ணன் சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கவர்கிட்ட ஏன் போன? உங்க தெருவைப் பாக்குற நர்ஸ் யாருன்னு கண்டுபிடி. அவங்க ஃபீல்டுல சுத்திட்டே இருப்பாங்க. புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்னைக்குப் போ, இருப்பாங்க.”

புதன் காலை இருவரும் போனோம். இரண்டு பேர் ஆதார், வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், முதல் ஸ்கேனிலிருந்து எல்லா ரிப்போர்ட்டும் ஒரே கவரில். செவிலியர் கேஸ் பில்லைப் பார்த்தார், கடைசி மாதவிடாய் தேதி கேட்டார், எடை பார்த்தார், ரத்த வகையைக் குறித்துக்கொண்டார். இவ்வளவு லேட்டாகவா வருவது என்று எனக்கு ஒரு டோஸ் விட்டார். நியாயம்தான். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

எண்ணை எழுதிக் கையில் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒருமுறை ஆர்சி புத்தகத்தில் சேஸிஸ் நம்பரில் ஒரு எழுத்து தவறி, ஆர்டிஓ ஆபீசுக்கு நான்கு நடை அலைந்தவன் நான். அந்தப் பயத்தில், “மேடம், ஒரு தடவை ஸ்கிரீனைக் காட்டுங்களேன்” என்றேன். என் இனிஷியல் ‘கே’ என்பதற்குப் பதில் ‘ஆர்’. அங்கேயே திருத்தினார். அன்று கவனிக்காமல் விட்டிருந்தால், பிறப்புச் சான்றிதழில் என் பெயரைச் சரிசெய்ய இன்னொரு அலைச்சல்.

தாய் சேய் நல அட்டையை மனைவி பையில் வைத்துக்கொண்டாள். அதன் ஜெராக்ஸ் ஒன்று என் டேஷ்போர்டில், இன்ஷூரன்ஸ் பேப்பருக்கும் புகைச் சான்றுக்கும் நடுவே இருக்கிறது. எண்ணைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “வாழ்த்துகள்பா. இனி வண்டிய அந்த ஷாக் அப்சார்பரோட ஓட்டாத.”