சார்வரி வருஷத்துப் புத்தகத்தை இணையத்தில் பதிந்த கதை

எங்கள் வாசிகசாலையின் அட்டைப் பட்டியலை இணையத்தில் தேடக்கூடியதாக மாற்றி முடித்திருக்கிறோம், நானும் கணினி படித்த ஒரு தம்பியும். யாழ்ப்பாணத்தில் இதே வேலையில் இறங்க நினைக்கும் சனசமூக நிலையங்களுக்கு இது உதவட்டும்.

மென்பொருள் பெரிய சிரமம் தரவில்லை. நூல் விபரங்களைப் பதிவதற்கான பொது முறையான டப்ளின் கோர் மீதரவில் (தரவு பற்றிய தரவில்) இருப்பவை 15 அடிப்படைக் கூறுகள்தான்: தலைப்பு, ஆக்கியோர், பொருள், வெளியீட்டாளர், திகதி, மொழி, இப்படி. அட்டை எழுதிப் பழகிய கைக்கு எல்லாம் தெரிந்தவையே. நூல்களைப் பொருள்வாரியாக வகுக்கும் 894.811 (தமிழ் இலக்கியம்) போன்ற டூயி எண்கள் பொருள் கூறுக்குள் போயின. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்த பகுதியை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினோம். இல்லாவிட்டால் தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

திகதியில்தான் வேலை தேங்கியது. பழைய நூல்களின் முகப்பில் 'சார்வரி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் சார்வரி 1840இலும் வரும், 1900இலும் வரும், 1960இலும் வரும். அச்சகத்தின் பெயர், ஆசிரியர் வாழ்ந்த காலம், பதிப்புரையில் வரும் ஆட்கள், எல்லாம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வருஷம் சித்திரையில் பிறப்பதால் இன்னொரு சிக்கல்: ஆவணி என்றிருந்தால் 1900, மாசி என்றிருந்தால் 1901. மாதமே இல்லையா, இரண்டு ஆண்டுகளையும் கொடுக்க வேண்டும். ஒரு எண் போதாதா என்று தம்பி கேட்டார். போதாது என்று நின்றேன். நாங்கள் கணித்த ஆண்டு திகதிக் கூறிலும், முகப்பில் உள்ள வாசகம் எழுத்து மாறாமல் விபரக் கூறிலும் இருக்கின்றன. நாளைக்கு ஒருவர் எங்கள் கணிப்பைச் சரிபார்க்க வேண்டுமே!

பெயர்களுக்கு, ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டும் பழைய 'காண்க' அட்டைகள் கைகொடுத்தன. ஆறுமுக நாவலர், நல்லூர் ஆறுமுகநாவலரவர்கள், ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்: மூன்றும் 1822–1879 வாழ்ந்த ஒருவரே என்பதை அந்த அட்டைகள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தன. தேடுபொறிகளுக்குத் தகவலை விளக்கும் ஸ்கீமா.ஆர்க் முறையில் மாற்றுப்பெயருக்குத் தனி இடம் உண்டு. விக்கிதரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் அவருக்குள்ள பக்கத்தின் இணைப்பையும் அதே பதிவில் கொடுக்கலாம். அதனால் அட்டைகளை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள்.

1981இல் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. பட்டியல் கோப்பின் பிரதிகளை வெளியூரிலும் வைத்திருக்கிறோம். சஞ்சிகைகள் இன்னும் மிச்சம்; அவற்றை இதழ் இதழாகப் பதியத் தொடங்கியிருக்கிறோம்.