கிரெப்ஸின் சோதனைகள் வழியே வளர்சிதை மாற்றத்தைப் படித்தல்

உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெற உதவும் வேதிவினைத் தொடரான சிட்ரிக் அமிலச் சுழற்சியை மனப்பாடம் செய்யத் தொடங்கும் முன், உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் அதை எந்த வரிசையில் கண்டறிந்தார் என்பதைப் படித்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு நான் அவ்வாறுதான் ஆயத்தமானேன். உடலியங்கியலில் எனக்கு உண்மையான பற்று ஏற்பட்டதும் அப்போதுதான்.

1900-இல் ஜெர்மனியில் பிறந்த கிரெப்ஸ், பெர்லினில் ஓட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் 1926 முதல் 1930 வரை பணியாற்றியபோது, மெல்லிய திசுச் சீவல்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அழுத்தமானியால் அளக்கக் கற்றார். 1932-இல் ஃபிரைபர்க்கில் குர்ட் ஹென்ஸலைட்டுடன் கல்லீரல் சீவல்களை ஆராய்ந்தபோது, ஆர்னிதைன் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தாலே, அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு விளக்க முடியாத அளவுக்கு யூரியா உருவாவதைக் கண்டார். ஆர்னிதைன் செலவாகித் தீராமல் மீண்டும் உருவாகிறது என்றால், அங்கே ஒரு சுழற்சி இருந்தாக வேண்டும். கழிவு நைட்ரஜனை யூரியாவாக மாற்றும் இந்த யூரியா சுழற்சியை இச்சோதனையிலிருந்தே வருவித்துப் பாருங்கள். அதன் இடைநிலைப் பொருள்களான சிட்ருலினும் ஆர்ஜினினும் எங்கே வருகின்றன என்பது தானாகவே புலப்படும்.

யூதர் என்பதால் 1933-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட அவர், இங்கிலாந்துக்குச் சென்று முதலில் கேம்பிரிட்ஜிலும் பின்னர் ஷெஃபீல்டிலும் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கே 1937-இல் வில்லியம் ஜான்சனுடன் புறாவின் மார்புத் தசையில் செய்த சோதனைகளில் ஒன்றை மட்டும் ஆழ்ந்து படியுங்கள். சுழற்சியில் சக்சினேட்டை ஃபியூமரேட்டாக மாற்றும் சக்சினேட் டீஹைட்ரோஜினேஸ் நொதியை மலோனேட் என்ற சேர்மம் தடுக்கிறது. அந்நிலையில் ஃபியூமரேட்டைச் சேர்த்தாலும் சக்சினேட் குவிகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான நேர்வழி அடைபட்டிருப்பதால், அந்தச் சக்சினேட் ஃபியூமரேட்டிலிருந்து ஆக்சலோஅசிட்டேட், சிட்ரேட் வழியாகச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். சுழற்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பாடத்தில் வேறில்லை என்பது என் கருத்து. இச்சோதனைகள் பற்றிய கட்டுரையை இடமின்மை காரணமாக நேச்சர் இதழ் ஏற்காததால், அது வேறோர் இதழில் வெளியானது.

வெற்றுத்தாளில் சுழற்சியை வரைந்து, ஒரு படியை அடைத்து, எது குவியும், எது குறையும் என்று எழுதிப் பழகுங்கள். ஃபுளோரோஅசிட்டேட் நஞ்சில் சிட்ரேட்டை அடுத்த படிக்கு மாற்றும் அக்கோனிட்டேஸ் நொதி தடைபட்டுச் சிட்ரேட் குவிவதையும் இதே முறையில் விளக்கிவிடலாம். ஒரு சுற்றுக்கு ஆற்றலை ஏந்திச் செல்லும் மூலக்கூறுகளாக 3 என்ஏடிஹெச், 1 எஃப்ஏடிஹெச்2, 1 ஜிடிபி என்ற கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக்சலோஅசிட்டேட்டுடன் இணைவது எது என்பது 1937-இல் தெரிந்திருக்கவில்லை. நொதிகளுக்குத் துணைபுரியும் மூலக்கூறான துணைநொதி ஏ-யைக் கண்டறிந்த ஃபிரிட்ஸ் லிப்மன், 1953-இல் கிரெப்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே, ஆக்சலோஅசிட்டேட்டுடன் இணையும் அந்தப் பொருளான அசிட்டைல் துணைநொதி ஏ-யைத் தனிப்பாடமாக ஒதுக்காமல், சுழற்சியின் வாயிலில் வைத்தே படியுங்கள். கொழுப்புச் சிதைவு குறித்த வினாக்களும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.