காத்த இறக்குடா: ஒரு மவுண்டன் பைக் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 8, சனி

பேர் குடுத்தாச்சு. மார்ச் 9 ரேஸ், கிராஸ் கன்ட்ரி, அமெச்சூர் பிரிவு, அஞ்சு கிலோமீட்டர் லேப், மூணு தடவ சுத்தணும். பேர் குடுத்த அடுத்த நிமிஷமே கை தன்னால கார்பன் வீல் தேட ஆரம்பிச்சிருச்சு, இப்ப இருக்கறத விட எத்தன கிராம் கம்மி, எந்த ஹப்பு (சக்கரத்தோட நடுப்பகுதி) நல்லதுன்னு ராத்திரி வரைக்கும் அதே வேல. எங்க கூட்டத்துல ரொம்ப வருஷமா ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு அனுப்பி வெச்சேன். திரும்பி வந்தது ஒரே வரி: "மொதல்ல டயர்ல காத்த இறக்குடா, வீல அப்புறம் பாத்துக்கலாம்."

என்னோடது 29 இன்ச் சக்கரம் வெச்ச ஹார்டுடெயில், அதாவது பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள், டயர் 2.35 இன்ச் அகலம், உள்ள டியூப். காத்தழுத்தம் 32 பி.எஸ்.ஐ. வெச்சு ஓட்டிட்டு இருக்கேன். அதுக்கு ரொம்ப கீழ போனா கல்லுல அடிக்கும்போது டியூபு ரிம்முக்கு நடுவுல நசுங்கி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்ட விழும், அந்த பயத்துலதான் பாதி பேரு டயர திண்ணுன்னு அடிச்சு வெச்சிருக்காங்க. ஆக, காத்த இறக்கணும்னா டியூப கழட்டி எறியணும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டியூப்லெஸ் மாத்தியாச்சு. ரிம் டேப் ஒட்றதுதான் உண்மையான வேல, மத்ததெல்லாம் சும்மா. எண்ணெப்பச இல்லாம ரிம்ம தொடச்சு, டேப்ப நல்லா இழுத்துப் புடிச்சு, ஒரு சுருக்கம் கூட விழாம சுத்தி வரணும், இல்லன்னா ஸ்போக் ஓட்ட வழியா காத்து இறங்கிட்டே இருக்கும். அப்புறம் வால்வு, அப்புறம் டயர், சீலண்ட் 100 மில்லி. சாதா பம்ப்ல அடிச்சா டயர் ஓரம் ரிம்ல போய் உக்காரவே இல்ல. வால்வுக்குள்ள இருக்கற சின்ன "கோர்" பாகத்த கழட்டிட்டு அடிச்சதும் காத்து மொத்தமா உள்ள போயி டப் டப்னு ரெண்டு சத்தம், உக்காந்துருச்சு. வீட்ல எல்லாரும் ஓடி வந்து பாத்தாங்க.

சீலண்ட் லேடெக்ஸ்தான் பெரும்பாலும், முள்ளு குத்துனா காத்தோட வெளிய வந்து ஓட்டையிலேயே கெட்டியாயிரும். ஆனா ரெண்டு மூணு மாசத்துல உள்ளயே காஞ்சு போகும், ஊத்திட்டு மறந்துறக் கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்னிக்கு முழுக்க ஒரே எடம். வேரும் கல்லுமா ஒரு இறக்கம், அடியில ஒரு பெர்ம் (வெளி ஓரம் மேடா சாஞ்ச திருப்பம்), மறுபடி மேல ஏறி வர்ற பாத. 28ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா கொறச்சிட்டே வந்தேன், டிஜிட்டல் கேஜ் வெச்சுத்தான், ஏன்னா பம்ப்ல இருக்கற முள்ள நம்ப முடியாது, ஒவ்வொரு பம்பும் ஒவ்வொரு கணக்கு சொல்லும்.

28ல ஹேண்டில்பார் கையில நிக்கல. 24 வந்ததும் அதே வேருங்க மேல சைக்கிள் வழுக்காம போகுது. 20ல பெர்ம்ல சாச்சப்போ டயர் பக்கவாட்டுல மடங்கற மாதிரி ஒரு உணர்ச்சி, ஒரு எடத்துல பின்னாடி ரிம்மு கல்லுல நங்குன்னு இடிச்சுச்சு. அதுதான் எல்ல. கடைசில முன்னாடி 21, பின்னாடி 23. ஒடம்பு பாரம் பின்னாடிதான் ஜாஸ்தி, அதனால பின்னாடி எப்பவும் ஒன்னு ரெண்டு கூட.

எனக்கு ஆச்சரியம் இறக்கம் இல்ல, ஏத்தம். காத்து கம்மின்னா ஏத்தத்துல இழுக்கும்னுதான் நெனச்சேன். வழுவழு ரோட்ல அது சரி. கல்லு பாதையில டயர் திண்ணுன்னு இருந்தா ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிளும் ஆளும் சேந்து ஒரு தடவ மேல எழும்பி எறங்கணும், அந்த பாரத்த தூக்கறது யாரு, நம்ம காலுதான். டயர் கொஞ்சம் அமுங்குனா கல்ல முழுங்கிட்டு போயிட்டே இருக்கு. பின் சக்கரம் சும்மா சுத்தி வழுக்கறதும் நின்னுருச்சு. கார்பன் வீல் தேடல அப்பவே நிறுத்துனேன்.

பிப்ரவரி 22, சனி

இன்னிக்கு ஃபோர்க், அதான் முன் சக்கரத்து சஸ்பென்ஷன். அமுங்கற தூரம் (ட்ராவல்) 120 மில்லிமீட்டர், நாம முழு கியரோட ஏறி நின்னா அதுல 15ல இருந்து 20 சதவீதம் அமுங்கணும், அதாவது 18ல இருந்து 24 மில்லிமீட்டர். ஃபோர்க் கால்ல இருக்கற ரப்பர் வளையத்த கீழ தள்ளிட்டு, ஏறி நின்னு, ஆடாம இறங்கி அளந்தா 12தான். டயர்ல பண்ண அதே தப்பான கணக்குதான் இங்கயும் போல, ஷாக் பம்ப் எடுத்து ஃபோர்க்குல இருந்த காத்த இறக்குனேன். ரீபவுண்ட, அதான் அமுங்குன ஃபோர்க் திரும்ப எழற வேகத்த, மூணு கிளிக் கூட்டுனேன், அது ரொம்ப மெதுவா இருந்தா அடுத்தடுத்து கல்லு வரும்போது ஃபோர்க் எழுந்திருக்க நேரம் கெடைக்காம உள்ளயே உக்காந்துரும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெரிய இறக்கம். பாதி வழியில பிரேக் நாத்தம், லீவர் வேற புடிக்க புடிக்க ஹேண்டில்பார் வரைக்கும் வருது. அண்ணன் நிறுத்தச் சொல்லி சொன்னாரு, "லேசா புடிச்சிட்டே வராத தம்பி, அப்படி வந்தா ரோட்டர் தட்டு சூடு ஆறவே ஆறாது. திருப்பத்துக்கு முன்னாடி பலமா புடி, அப்புறம் சுத்தமா விட்டுரு." ஒரே வெரல்ல, முன் பிரேக்கயும் நம்பி. பின் பிரேக்க மட்டும் புடிச்சு சக்கரத்த பூட்டிட்டு சறுக்கிட்டு வந்தா நிக்கறதும் லேட்டு, பாதையும் நாசம்.

ஓய்வு எடுத்தப்போ ரீபேக் கத சொன்னாரு. கலிஃபோர்னியா மரின் கவுண்டியில ஒரு மலப் பாத, 1976 அக்டோபர் 21ல அங்க மொத ரேஸ். பழைய கனத்த ஷ்வின் சைக்கிள், பெடல பின்னாடி மிதிச்சா ஹப்புக்குள்ள புடிக்கற பிரேக்கு. கீழ வர்றதுக்குள்ள ஹப்புல இருக்கற கிரீஸ் பூரா பொகையா போயிரும், மறுபடி அடச்சாத்தான் அடுத்த தடவ இறங்க முடியும், ரீபேக்னா மறுபடி அடைக்கறது, பாதைக்கு அதே பேரு ஆயிருச்சு. மவுண்டன் பைக் முன்னோடி கேரி ஃபிஷர் அதுல 4 நிமிஷம் 22 செகண்ட்ல இறங்கி ரெக்கார்ட் வெச்சிருக்காரு. நான் ஹைட்ராலிக் டிஸ்க் வெச்சுக்கிட்டு பொலம்பிட்டு இருக்கேன்.

முன்னாடி பிரேக் ரோட்டர் 160 மில்லிமீட்டர்ல இருந்து 180 போடப் போறேன். கியருக்கு செலவு பண்றதுல நான் ஒத்துக்கற செலவு இது.

மார்ச் 1, சனி

மழ. ஓட்டல. ஈர மண்ணுல போனா டயர் போட்ட பள்ளம் காஞ்சு அப்படியே நின்னுரும், அப்புறம் மழத் தண்ணி அதுலயே ஓடி பாதைய அறுத்துரும், மம்மட்டி எடுத்து சரி பண்றது யாரோ நாலு பேரு. செயின் எவ்ளோ தேஞ்சு நீண்டிருக்குன்னு கேஜ் வெச்சு பாத்தேன், 0.5 சதவீதம் தாண்டியிருச்சு, 12 ஸ்பீடுக்கு அதான் மாத்தற நேரம். இத விட்டா கேசட்டையும் (பின்னாடி இருக்கற பல்சக்கரங்க) தின்னுரும், அது செயின விட பல மடங்கு செலவு.

மார்ச் 2, ஞாயிறு

ரேஸ் பாதைய நடந்தே பாத்தோம். ஓட்டிப் பாக்கறத விட நடக்கறதுல நெறைய தெரியுது. ரெண்டாவது கிலோமீட்டர்ல ஒரு ராக் கார்டன் (கல்லா கெடக்கற எடம்), எல்லாரும் போய் போய் தேஞ்ச கோடு இடது பக்கம் இருக்கு, ஆனா அது முடியற எடத்துல ஒரு வேரு குறுக்க கெடக்கு. வலது பக்கம் பாக்க பயமா இருக்கு, ஆனா வெளிய வரும்போது நேரா வெளிய வரலாம். பெடல் ரெண்டும் சமமா, குதிகால் கீழ, ஒடம்பு சைக்கிளுக்கு மேல தளர்வா, கண்ணு மட்டும் கல்லுல இல்லாம அது முடியற எடத்துல. எந்தக் கல்ல மொறச்சுப் பாக்கறோமோ அதுலயே போய் முட்டுவோம்.

அங்க வந்தவங்கள்ல ரெண்டு பேரு வீல் சைஸ் பத்தி சண்ட. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல செக் வீரர் குல்ஹவி 29 இன்ச்லயும் சுவிஸ் வீரர் ஷுர்டர் 27.5லயும் ஓட்டி ஒரே ஒரு செகண்ட் வித்தியாசத்துல முடிஞ்சுது, இவங்க சண்ட இன்னும் முடியல.

மார்ச் 9, ஞாயிறு. ரேஸ்

மொத நானூறு மீட்டர் அகலமான பாத, அதுக்கு அப்புறம் சிங்கிள்ட்ராக், ஒரு ஆள்தான் போக முடியும். அதனால எல்லாரும் உயிர விட்டு மிதிக்கறாங்க. நான் நடுவுல மாட்டுனேன், மொத ஏத்தத்துல முன்னாடி ஒருத்தன் கால வெச்சதும் பின்னாடி இருந்த அத்தன பேரும் எறங்கி தள்ள வேண்டியதா போச்சு. நெஞ்சு காதுல அடிக்குது, இன்னும் ரெண்டர லேப் இருக்கு.

ஏத்தத்துல சின்னப் பசங்க "அண்ணா, வலது பக்கம்"னு மரியாதையா சொல்லிட்டு மரியாத இல்லாத வேகத்துல தாண்டிப் போனானுங்க. இறக்கத்துல அவனுங்கள்ல மூணு பேர திரும்ப புடிச்சேன். முன்னாடி போறவனோட டயர் ஒவ்வொரு வேருலயும் துள்ளறது கண்ணுக்கே தெரியுது, திருப்பத்துல அகலமா வெளிய போறான், நான் உள்ள போயிட்டேன். ராக் கார்டன் வலது கோடு மூணு லேப்லயும் காலியாவே கெடந்துச்சு, எனக்குன்னே போட்ட மாதிரி.

ரெண்டாவது லேப் கடைசில பின்னாடி ஸ்ஸ்ஸ்னு சத்தம், சீலண்ட் தொடையில தெறிக்குது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டன் வீரர் பிட்காக்குக்கும் நடு ரேஸ்ல முன் சக்கரம் பஞ்சர், வீல மாத்திட்டு தொரத்திப் போயி பிரான்ஸ் வீரர் கொரட்ஸ்கிய கடைசி லேப்ல தாண்டி தங்கம் வாங்குனாரு. அவருக்கு வீலோட நிக்க மெக்கானிக் இருந்தாங்க, எனக்கு சீலண்ட் மட்டும். மிதிக்கறத நிறுத்தல, கொஞ்ச தூரத்துல சத்தம் நின்னுச்சு, காத்து எவ்ளோ மிச்சம்னு தெரியாம கடைசி லேப் பூரா பின் சக்கரத்துல பாரம் போடாம எழுந்து நின்னே ஓட்டுனேன், தொட ரெண்டும் புடிச்சுக்கிச்சு, கடைசி ஏத்தத்துல எறங்கி தள்ளுனேன். 61 பேர்ல 34வது.

மார்ச் 11, செவ்வாய்

பின் டயர்ல இப்ப 17தான் இருக்கு. பக்கவாட்டுல அர சென்டிமீட்டர் கிழிசல், அதுல சீலண்ட் எப்படி நின்னுச்சுன்னே தெரியல. உள்ள இருந்து பேட்ச் போடலாம், ஆனா பக்கவாட்டு கிழிசல நம்ப மாட்டேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. பின்னாடிக்கு மட்டும் பக்கச் சுவரு தடிச்ச டயர் சொல்லியிருக்கேன், நூறு கிராமுக்கு மேல வெயிட் கூட. முன்னாடி பழசே ஓடும். ஹெட்செட்ல (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்) லேசா ஆட்டம் இருக்கு, முன் பிரேக்க புடிச்சு முன்னும் பின்னும் அசச்சா டொக்குங்குது, அத நாளைக்கு இறுக்கணும், மொதல்ல ஹேண்டில்பார புடிச்சிருக்கற ஸ்டெம்மோட பக்கவாட்டு போல்ட்ட தளத்தி மேல் மூடிய இறுக்கிட்டு அப்புறம் ஸ்டெம்.