கார் கேரியரில் கட்டுமரம்: பெங்களூரிலிருந்து பிரப்பன்வலசை வரை

இரட்டை மிதவைப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டி முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. 4 மி.மீ. மரைன் பிளைவுட், எபாக்ஸி பசை, நீளம் 4.2 மீட்டர். கட்டிய கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு படகு வைத்திருப்பவனுக்கு அதைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு நாள் துணிமணி, படகு எல்லாம் ஒரே காரில் போக வேண்டும். கோடை விடுமுறையில் இரண்டு முறை போய் வந்துவிட்டோம். அந்த அனுபவம்தான் இது.

டிரெய்லர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், நிறுத்த இடமும் வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் ஒரு காருக்குத்தான் இடம். ஆகவே படகின் அளவையே கார் கூரையை வைத்துத்தான் தீர்மானித்தேன். எங்கள் வண்டியின் கையேட்டில், கேரியரையும் சேர்த்துக் கூரை 75 கிலோ தாங்கும் என்று இருக்கிறது. மிதவை ஒன்று 28 கிலோ, இரண்டுக்கு 56. பாய்மரம் 8, கேரியர் 6. ஆக மொத்தம் 70. மிதவைகளை இணைக்கும் குறுக்குத் தண்டுகள், சுக்கான், பாய், நடுவில் விரிக்கும் வலை எல்லாம் வண்டிக்குள். 28 கிலோ என்பதால் நானும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிவிடலாம், மூன்றாவது ஆள் தேவையில்லை.

மிதவைகள் காரைவிடக் குட்டை. பாய்மரம்தான் நீளம், 5.8 மீட்டர். அதை இரண்டாக அறுத்து, உள்ளே குழாய் செருகி இணைக்கும்படி செய்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தப்படி, சுமை அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதமே 20,000 ரூபாய்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். எங்கள் கீழ்த்தளப் பார்க்கிங்கின் உயரம் 2.1 மீட்டர். மிதவை ஏற்றிய கார் அதற்குள் போகாது. அதனால் ஏற்றுவது தெருவில்தான், விடியற்காலை மூன்றரைக்கு. ஐந்து மணிக்குள் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டிவிட்டால் நிம்மதி.

போன வருடப் பயணம். ஓசூர், கிருஷ்ணகிரி வரை எல்லாம் சரி, மிதவைகளைக் கேரியரோடு கட்டிய பெல்ட்டின் சத்தத்தைத் தவிர. தட்டையான பெல்ட் காற்றில் அதிர்ந்து, கார் முழுக்கத் தேனீக் கூட்டில் உட்கார்ந்திருப்பது போல இரைந்தது. தர்மபுரி தாண்டி நிறுத்தி, பெல்ட்டை ஒரே ஒரு சுற்று முறுக்கிக் கட்டினேன். இரைச்சல் அப்படியே நின்றது. தட்டையாக இருந்தால்தான் காற்று அதை அப்படி அதிர வைக்கும்.

தொப்பூர் இறக்கத்தில்தான் உண்மையான பாடம். இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைக்க, நானும் பிரேக் போட்டேன். மேலே சர்ரென்று ஒரு சத்தம். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் இரண்டு மிதவைகளும் நான்கு விரற்கடை முன்னால் நகர்ந்திருந்தன. முனை மேலே தூக்காமல் இருக்க முன்பக்கம் கயிறு கட்டியிருந்தேன். பிரேக் போடும்போது சுமை முன்னால் போகும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின்கயிறு. அதை நான் கட்டவே இல்லை. பின்னால் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அடிவாரத்து டீக்கடையில் ஒரு லாரி கிளீனர் தம்பி தானாக வந்து உதவினார். தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சுதான். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி வைத்து, நுனியைக் கொக்கியில் சுற்றி மேலே கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழே இழுக்க வேண்டும். கப்பியில் இழுத்த மாதிரி இறுகும். அவிழ்க்கும்போது ஒரே இழுப்பு. இப்போது முன்னும் பின்னும் அதே முடிச்சுதான், பாலியெஸ்டர் கயிற்றில். நைலான் வேண்டாம், நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். 80-க்கு மேல் ஓட்டுவதும் இல்லை. 100-இல் போனால் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

மதுரையில் சாப்பாடு, சாயங்காலம் ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளி. அங்கே மனைவியின் பெரியப்பா வீடு. மறுநாள் பிரப்பன்வலசைக் கரையில் படகைப் பூட்ட 2 மணி 10 நிமிடம் ஆனது. தண்டுகளைப் போல்ட் போட்டுத்தான் இணைத்திருந்தேன். 570 கிலோமீட்டர் குலுங்கியதில் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை, வாஷர்கள் மணலில் விழுந்து காணாமல் போயின. பிள்ளைகள் வெயிலில் வாடி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பெரியப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “மாப்ளே, இதை எதுக்கு முடுக்கிக்கிட்டு இருக்கீங்க? கயித்தால கட்டிட்டுப் போகலாமே. நாங்க கடலுக்குப் போயிட்டு வந்தா மரத்தை அவுத்துக் காயப் போடுவோம், காலைல திரும்பக் கட்டுவோம்.”

கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் இரட்டை மிதவைப் படகைக் குறிக்கும் கேட்டமரான் ஆனது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். 1950-களில் தானே கட்டிய இரட்டை மிதவைப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்த ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரமும் பிற்காலத்தில் வடிவமைத்த படகுகளில் தண்டுகளைக் கயிற்றால்தான் கட்டினார்.

இந்த வருடம் போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. நான்கு இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 6 மி.மீ. கயிறு ஆறு சுற்று, அந்தச் சுற்றுகளுக்குக் குறுக்கே மூன்று சுற்று. குறுக்குச் சுற்றுதான் இறுக்கத்தைக் கொடுக்கிறது. பூட்டி முடிக்க 50 நிமிடம். அலையில் மிதவைகள் லேசாக அசைந்து கொடுக்கின்றன. முன்பு கேட்ட கிறீச் சத்தம் இல்லை.

மே கடைசியில் தென்மேற்குக் காற்று. பிரப்பன்வலசை வடகடல், அதாவது பாக் விரிகுடா, பக்கம் என்பதால் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். “கரையைப் புடிச்சே ஓடுங்க மாப்ளே” என்றார் பெரியப்பா. இடுப்பளவு ஆழத்தைத் தாண்டவில்லை, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், சின்ன நங்கூரமும் கையில். கிளம்புமுன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடம் சொல்லிவிட்டோம். என் மகள் சுக்கானைப் பிடித்துக் கரையோரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டினாள்.

திரும்பும் முன் உச்சிப்புளியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், கேரியர் திருகுகளையும் சேர்த்து. அடுத்து பாய்மர இணைப்பைப் பார்க்க வேண்டும். உள்குழாயில் மணல் புகுந்து, கழற்ற அரை மணி நேரம் ஆனது. ரப்பர் வளையம் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.